எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, வாசிக்கத் தெரியுமா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "அசெம்பிளியை வாசிக்கத் தெரியாமல் ஃபர்ம்வேர் வேலைக்கு வருவது, எக்ஸ்ரே பார்க்கத் தெரியாமல் எலும்பு வைத்தியம் செய்கிற மாதிரி" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். (ஃபர்ம்வேர் என்றால் கருவியின் சிப்புக்குள்ளேயே பதிந்து ஓடுகிற புரோகிராம்.) இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் அக்கறையாகக் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க அசெம்பிளிதான். வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம்: பிராசஸருக்குப் புரிவது எண்கள்தான். அந்த எண்களுக்கு வாயில் நுழைகிற மாதிரி சுருக்கப் பெயர் வைத்து, வரிக்கு ஒரு கட்டளையாக எழுதினால் அது அசெம்பிளி. 8085 என்ற பழைய சிப்பில் 76 (ஹெக்ஸ், அதாவது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்) என்ற எண்ணுக்கு 'நின்றுவிடு' என்று அர்த்தம். அதை நாம் 'ஹெச்எல்டி' என்று எழுதுகிறோம். அந்தப் பெயரைத் திரும்ப 76 ஆக்கித் தருகிற புரோகிராமுக்கு அசெம்பிளர் என்று பெயர்.

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லேபில் இன்னும் 8085 டிரெயினர் கிட்டில் எண்களைத் தட்டச் சொல்கிறார்கள். என் நண்பர்கள் எல்லாரும் பைத்தான், மெஷின் லேர்னிங் என்று போய்விட்டார்கள். 1976-இல் வந்த சிப்பை இப்போது படிப்பது நேர விரயம் இல்லையா?

பதில்: ஆப்கோடுகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் விரயம்தான், தம்பி. எந்த எண் எந்தக் கட்டளை என்று பரீட்சையில் கேட்கிறவர்கள்மீது எனக்கும் கோபம் உண்டு. அதற்கு அட்டவணை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த கிட்டில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஒரு போர்ட்டில் (சிப் வெளியுலகோடு பேசுகிற வாசல்) எட்டு எல்ஈடி. அரை விநாடி அணைய வேண்டும், அரை விநாடி எரிய வேண்டும். சிப்புக்குள்ளேயே எண்ணை வைத்துக்கொள்கிற சிறு இடத்துக்கு ரெஜிஸ்டர் என்று பெயர், அதில் கணக்கு நடக்கிற முக்கியமானது அக்யுமுலேட்டர். நான் எழுதியது: அக்யுமுலேட்டரைப் பூஜ்யமாக்கி வெளியே அனுப்பு, டிலே, 255-ஐ ஏற்றி வெளியே அனுப்பு, டிலே, மறுபடி முதலிலிருந்து. டிலே என்றால் 'டி-இ' ரெஜிஸ்டர் ஜோடியில் 65,535 என்று போட்டு, ஒவ்வொன்றாகக் குறைத்து, பூஜ்யம் வரும்வரை சுற்றுவது. குறைக்க 'டிசிஎக்ஸ் டி'. பூஜ்யம் இல்லையென்றால் மேலே குதிக்க 'ஜேஎன்இசட்'. தாளில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

ஓடவிட்டேன். எல்ஈடி சிமிட்டவே இல்லை. அணையவும் இல்லை, முழுசாக எரியவும் இல்லை. மங்கலாக, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். கிட் ரிப்பேர் என்று சொல்லி வேறு கிட் வாங்கினேன். அதிலும் அதே மங்கல். ஐசி சூடாகிறதா என்று தொட்டுக்கூடப் பார்த்தேன்.

லேப் உதவியாளர் என் தாளைப் பத்து விநாடி பார்த்தார். கட்டளை அட்டவணையில் 'ஃப்ளாக்' என்று தலைப்பிட்ட கடைசிப் பத்தியில் விரலை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஃப்ளாக் என்பது, முன்பு நடந்த கணக்கின் விடை பூஜ்யமா என்பது மாதிரி விஷயங்களைச் சிப் குறித்துவைக்கிற ஒற்றை பிட். 'ஜேஎன்இசட்' பார்ப்பது ஸீரோ ஃப்ளாகை மட்டும்தான். 'டிசிஎக்ஸ்' என்ற கட்டளை எந்த ஃப்ளாகையும் தொடாது! ஒற்றை ரெஜிஸ்டரைக் குறைக்கிற 'டிசிஆர்' ஸீரோ ஃப்ளாகை மாற்றும், ஜோடியைக் குறைக்கிற 'டிசிஎக்ஸ்' மாற்றாது. முதல் வரியில் அக்யுமுலேட்டரைப் பூஜ்யமாக்க 'எக்ஸ்ஆர்ஏ ஏ' போட்டிருந்தேன், அது ஸீரோ ஃப்ளாகை ஏற்றிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பின் வந்த எந்தக் கட்டளையும் அந்தக் ஃப்ளாகைத் தொடவில்லை. ஆகவே 'ஜேஎன்இசட்' ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. டிலேயே இல்லாமல் எல்ஈடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருந்தது. அதுதான் அந்த மங்கல்.

சரி செய்ய இரண்டு வரி: 'மூவ் ஏ, இ', அடுத்து 'ஓஆர்ஏ டி'. இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்துப் பூஜ்யமா என்று ஃப்ளாகுக்குச் சொல்கிற வேலை. இப்போது ஒரு சுற்றில் நான்கு கட்டளை, 6, 4, 4, 10 என 24 கிளாக் (கிளாக் என்பது சிப்பின் ஒரு துடிப்பு). 3 மெகாஹெர்ட்ஸில் 8 மைக்ரோ செகண்டு. 65,535 சுற்றுக்கு 0.52 விநாடி. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு மெஷினில் நடக்கிற ஒவ்வொரு கிளாக்கையும் கணக்குப் பார்த்துச் சொல்ல முடிந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

உங்கள் பைத்தான் நண்பர்களுக்கு இது இல்லாமலே வேலை நடக்கும், நன்றாகவே நடக்கும். ஆனால் 'நான் எழுதியது ஒன்று, மெஷின் செய்வது ஒன்று' என்ற இடைவெளியை இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். சிலபஸை மாற்றும் அதிகாரம் என் கையில் இருந்தால் 8085-ஐ ஒரு மாதத்தோடு முடித்துவிட்டு ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்புக்குப் போவேன். அதன் அடிப்படைத் தொகுப்பான ஆர்வி32ஐ-யில் மொத்தமே 40 கட்டளைதான். 32 ரெஜிஸ்டர், அதில் முதலாவது எப்போதும் பூஜ்யம். இந்த ஃப்ளாக் தொல்லையே அதில் கிடையாது. ஒப்பிடுவதும் குதிப்பதும் ஒரே கட்டளை.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக சி, சி++ எழுதுகிறேன். அசெம்பிளி ஒரு வரி எழுதியதில்லை. இன்றைய கம்பைலர் மனிதனைவிட நன்றாக எழுதும்போது நீங்கள் சொல்வது பழைய ஆட்களின் பெருமைப் பேச்சாகத்தான் படுகிறது.

பதில்: குத்தல் வலித்தது, ஆனால் பெரும்பாலும் உண்மை. பத்தில் ஒன்பது இடங்களில் கம்பைலர் (நாம் எழுதிய சி-யை மெஷின் கட்டளையாக்கித் தருகிற புரோகிராம்) என்னைவிடக் கெட்டிக்காரன் என்று சத்தியம் செய்யத் தயார். ஒன்று காட்டுகிறேன். குறியில்லாத 32 பிட் எண்ணை 10-ஆல் வகுக்கிற ஒரு சிறு ஃபங்ஷனை எழுதி, ஆப்டிமைசேஷனோடு (கோடு வேகமாக ஓடும்படி கம்பைலரே செதுக்குவது) கம்பைல் செய்து, அசெம்பிளியைத் திறந்து பாருங்கள். வகுத்தல் கட்டளையே இருக்காது. அதற்குப் பதில் 3435973837 என்ற எண்ணால் பெருக்கி, விடையை 35 பிட் வலப்பக்கம் தள்ளியிருக்கும். இது என்ன சித்து வேலை? அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் 34359738370. இரண்டின் 35-ஆம் அடுக்கு 34359738368. வித்தியாசம் வெறும் 2. அதாவது அந்த எண், இரண்டின் 35-ஆம் அடுக்கில் பத்தில் ஒரு பங்கு, மயிரிழை கூடுதலாக. 32 பிட்டுக்குள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த மயிரிழை விடையைக் கெடுக்காது. வகுத்தல் பிராசஸருக்குக் கஷ்டமான வேலை, பெருக்கல் சுலபம். பழைய சிப்களில் வகுக்க இருபது முப்பது கிளாக்கூடப் போகும், பெருக்க மூன்று நான்கு போதும். நான் கையால் எழுதியிருந்தால் வகுத்தல் கட்டளையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அந்தப் பத்தாவது இடத்துக்கு வருவோம். நீங்கள் போனில் பார்க்கிற வீடியோ வேலைகளில் பலவும் அங்கேதான் இருக்கின்றன. ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கிற 'டேவ்ஒன்டி' என்ற டிகோடர், விஎல்சி பிளேயரைச் செய்கிற வீடியோலேன் ஆட்கள் 2018-இல் ஆரம்பித்தது. அதில் சி கோடைவிடக் கையால் எழுதிய அசெம்பிளி அதிகம். எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264 என்ற வீடியோ மென்பொருள் இரண்டிலும் முக்கியமான உள் லூப்கள் எல்லாம் அசெம்பிளிதான். ஏன்? வீடியோவைச் சுருக்கும்போது ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்தோடு ஒப்பிட்டு 'எவ்வளவு வித்தியாசம்' என்று லட்சக்கணக்கான தடவை கேட்க வேண்டும். சி-யில் எழுதினால் ஒவ்வொரு பிக்சலாக எடு, கழி, குறியை நீக்கு, கூட்டு. எக்ஸ்86 எனப்படும் இன்டெல் வகைச் சிப்பில் 'பிசாட்பிடபிள்யூ' என்று ஒரே கட்டளை உண்டு. 16 பிக்சலை ஒரு வாயில் விழுங்கி, எட்டெட்டாக இரண்டு கூட்டுத்தொகையைத் துப்பிவிடும்.

'கம்பைலரே அதைப் போட்டுவிடுமே' என்பீர்கள். போடும், நீங்கள் அதற்குப் பழக்கமான வடிவத்தில் லூப்பை எழுதினால். கொஞ்சம் மாற்றி எழுதினால் அடையாளம் தெரியாமல் திணறும். அடுத்த வெர்ஷனில் சரியாகலாம், அதற்கடுத்த வெர்ஷனில் மறுபடி கெடலாம். ஒரு லூப் போன் பேட்டரியையே தின்கிறது என்றால் அந்தச் சூதாட்டத்துக்கு அவர்கள் தயாரில்லை. கையால் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

உங்களை எழுதச் சொல்லவில்லை. ஆனால் அந்த 3435973837-ஐப் பார்த்ததும் 'மெமரி கெட்டுப்போச்சு, ஏதோ குப்பை எண்' என்று நினைக்காமல் இருக்கிற அளவுக்கு வாசிக்கத் தெரிந்தால் நல்லது. பன்னிரண்டு வருட அனுபவஸ்தர் ஒருவர் அப்படி நினைத்து அரை நாள் தேடினதை நேரில் பார்த்திருக்கிறேன். நீங்களாக இருக்காது என்று நம்புகிறேன்.

கேள்வி: ஒரு புத்தகத்தில் 'மூவ்' கட்டளையில் போகிற இடம் முதலில் வருகிறது. டெர்மினலில் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும். முதலாவது இன்டெல் பாணி, இரண்டாவது ஏடி அண்ட் டி பாணி. சதவீதக் குறியும் டாலர் குறியும் தெறித்துக் கிடந்தால் அது ஏடி அண்ட் டி. எனக்குப் பிடிக்காது. பைனரியை அசெம்பிளியாகக் காட்டுகிற 'ஆப்ஜ்டம்ப்' கருவியிடம் இன்டெல் பாணி வேண்டும் என்று ஒரு ஆப்ஷனில் சொல்லிவிடலாம். சொல்லிவிடுங்கள், கண்ணுக்கு நல்லது.

கேள்வி: நேர்மையாகச் சொல்லுங்கள், நீங்கள் கடைசியாக எப்போது அசெம்பிளி எழுதினீர்கள்?

பதில்: நேர்மையாகச் சொன்னால், எழுதியது எட்டு மாதம் முன்பு, ஐந்தே வரி. வாசித்தது போன செவ்வாய்க்கிழமை.

அந்த ஐந்து வரி, சிறு கருவிகளுக்குள் இருக்கிற ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம் சிப்பை வைத்துச் செய்கிற ஏறக்குறைய எல்லா புராஜெக்டிலும் நான் போடுகிறதுதான். அந்தச் சிப் தப்பான முகவரியைத் தொட்டு 'ஹார்ட் ஃபால்ட்' ஆகும்போது, உயிர் போவதற்கு முன் எட்டு ரெஜிஸ்டர்களின் எண்களை ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் எழுதி வைத்துவிட்டுப் போகும். ஆர்0 முதல் ஆர்3 வரை, ஆர்12, எல்ஆர், பிசி, கடைசியில் நிலைமைச் சொல். ஏழாவதாக இருக்கிற பிசி, எந்த இடத்தில் விழுந்தது என்பதைச் சொல்கிற மரண வாக்குமூலம். சிப்பில் இரண்டு ஸ்டாக் பாயின்டர் (ஸ்டாக் இருக்கிற இடத்தைக் காட்டுவது) இருப்பதால், எதில் எழுதியது என்று, அந்த நேரத்தில் எல்ஆர் ரெஜிஸ்டரில் இருக்கிற எண்ணின் ஒரு பிட்டைச் சோதித்து, அதை எடுத்து சி ஃபங்ஷனிடம் கொடுக்க வேண்டும். அதை சி-யில் எழுத முடியாது. மற்றபடி அந்தச் சிப்பில் இன்டரப்ட் (ஓடுகிற வேலையை நடுவில் நிறுத்தி வேறு வேலைக்கு அழைக்கிற சமிக்ஞை) வந்தால் ஓடுகிற ஹேண்ட்லரைக்கூடச் சாதாரண சி ஃபங்ஷனாக எழுதலாம், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். எழுதுகிற தேவை உண்மையிலேயே குறைந்துகொண்டுதான் வருகிறது.

செவ்வாய்க்கிழமை விஷயம் வேறு. ஒரு பம்ப் கன்ட்ரோலர். டீபக் பில்டில் (சோதனைக்காக ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தது) ஒரு வாரம் ஓடியும் பிரச்சினை இல்லை. ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்த ரிலீஸ் பில்டைப் போட்டால் முதல் நிமிடமே உறைகிறது. பிரிண்ட் போட்டுப் பார்த்தால் ஓடுகிறது, பிரிண்டை எடுத்தால் உறைகிறது. எழுதிய பையன் பேய் பிடித்துவிட்டது என்றே நம்பத் தொடங்கியிருந்தான். சி கோடு இதுதான்: இன்டரப்ட் வந்ததும் ஒரு ஃப்ளாக் (8085-இன் ஃப்ளாக் இல்லை, பையன் மெமரியில் வைத்த ஒரு மாறி) ஒன்றாகும், மெயின் லூப் அந்தக் ஃப்ளாக் ஒன்றாகும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். நான் சி-யைப் பார்க்கவே இல்லை, நேரே டிஸ்அசெம்பிளியை (கம்பைல் ஆன பைனரியைத் திரும்ப அசெம்பிளியாக்கிக் காட்டுவது) திறந்தேன். மூன்று வரி. ஃப்ளாகை மெமரியிலிருந்து ரெஜிஸ்டருக்கு எடு. அது பூஜ்யம் இல்லையென்றால் வெளியே போ. இங்கேயே குதி. அந்த மூன்றாவது வரி தன் முகவரிக்கே குதிக்கிறது. திரும்ப மெமரியைப் பார்க்கவே போவதில்லை. இன்டரப்ட் வந்து ஃப்ளாகை ஒன்றாக்கினால் என்ன, ஒன்பதாக்கினால் என்ன?

கம்பைலர்மீது தப்பில்லை. லூப்புக்குள் அந்தக் ஃப்ளாகை யாரும் மாற்றவில்லை, அப்படியானால் எதற்கு ஒவ்வொரு சுற்றிலும் மெமரிக்குப் போய் வர வேண்டும் என்று அது யோசித்தது. வெளியிலிருந்து ஒருவர் மாற்றுவார் என்று சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. அதற்கு 'வொலட்டைல்' என்று ஒரு சொல். பையன் அதை அறிவிப்பில் சேர்த்தான், முடிந்தது. பிரிண்ட் போட்டபோது ஏன் ஓடியது? பிரிண்ட் ஃபங்ஷன் உள்ளே என்ன செய்யும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ஒருவேளை அது ஃப்ளாகை மாற்றினாலும் மாற்றலாம் என்று பயந்து ஒவ்வொரு சுற்றும் மெமரியைப் பார்த்தது.

இதை அசெம்பிளி தெரியாமல் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். அவன் ஆறு நாள் முயன்றிருந்தான்.

கேள்வி: அசெம்பிளி தெரிந்தால் சம்பளம் கூடுமா?

பதில்: பயோடேட்டாவில் எழுதினால் கூடாது. ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குக் கூடும்.

கேள்வி: பொழுதுபோக்காக எல்ஈடி ஸ்ட்ரிப் வைத்து விளையாடுகிறேன். டபிள்யூஎஸ்2812 வகை. லைப்ரரி இல்லாமல் நானே சிப்பின் பின்னை (வெளிக் காலை) ஏற்றி இறக்கிப் பார்த்தேன். எல்லா விளக்கும் வெள்ளையாகவே எரிகிறது. லைப்ரரியைத் திறந்தால் உள்ளே அசெம்பிளி! ஏன்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த எல்ஈடி ஒரு பிட்டை 1.25 மைக்ரோ செகண்டில் எதிர்பார்க்கிறது. லைன் சுமார் 0.4 மைக்ரோ செகண்டு மேலே இருந்தால் பூஜ்யம், சுமார் 0.8 இருந்தால் ஒன்று. உங்கள் சிப் ஆர்டுவினோ போர்டுகளில் வருகிற 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆர் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பிட்டுக்கு உங்களிடம் இருப்பது 20 கிளாக். அதற்குள் பின்னை ஏற்ற வேண்டும், பிட்டைப் பார்க்க வேண்டும், சரியான கிளாக்கில் இறக்க வேண்டும், அடுத்த பிட்டைத் தயார் செய்ய வேண்டும், எட்டு முடிந்தால் அடுத்த பைட்டை எடுக்க வேண்டும். பின்னை ஏற்றி இறக்க நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடிய 'டிஜிட்டல்ரைட்' ஃபங்ஷனை ஒருமுறை அழைக்கவே சில மைக்ரோ செகண்டு எடுக்கும். அந்தப் பின் மேலே போய்க் கீழே வருவதற்குள் எல்ஈடி அதை 'ஒன்று' என்று எடுத்துக்கொள்கிறது. எல்லாப் பிட்டும் ஒன்று என்றால் முழு வெள்ளை.

சி-யில் எழுதினாலும் கம்பைலர் எத்தனை கிளாக்கில் முடிக்கும் என்று உத்தரவாதம் தராது. வேகம் தரும், ஆனால் இத்தனையாவது கிளாக்கில் இது நடக்கும் என்று சொல்லாது. அசெம்பிளியில் ஒவ்வொரு வரிக்கும் கிளாக் தெரியும். மிச்சமானால் சும்மா இருக்கிற 'நாப்' போட்டு நிரப்பலாம். லைப்ரரியில் அந்த இடத்தைச் சுற்றி இன்டரப்ட்டை நிறுத்தியிருப்பதையும் கவனியுங்கள். நடுவில் ஒரு இன்டரப்ட் வந்தால் கணக்கு போச்சு.

இன்னொரு வேடிக்கை. 2021-இல் ராஸ்பெர்ரி பை ஆட்கள் கொண்டுவந்த ஆர்பி2040 சிப்பில் இந்த மாதிரி வேலைக்கென்றே 'பிஐஓ' என்று குட்டி இயந்திரங்கள் உண்டு. அவற்றுக்குத் தனி அசெம்பிளி, மொத்தம் ஒன்பது கட்டளைகள். எழுத இடம் 32 கட்டளைக்குத்தான். உங்கள் எல்ஈடி ஸ்ட்ரிப்பை ஓட்ட அதில் நான்கு வரி போதும், மெயின் பிராசஸர் தன்பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மொழிக்கு 2021-இல் புதிதாக ஒரு வட்டார வழக்கு பிறந்திருக்கிறது. வாங்கி விளையாடிப் பாருங்கள், எனக்குத் தெரிந்து அசெம்பிளி கற்க இதைவிட இனிப்பான வழி இல்லை.

கேள்வி: முதன்முதலில் இதை உருவாக்கியது யார்?

பதில்: ஒருவர் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 1947-இல் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் ஏஆர்சி என்ற ரிலே கணினிக்காகக் குறியீட்டு முறையை வகுத்த கேத்லீன் பூத் அம்மையாரிடமிருந்து தொடங்குவது என் வழக்கம். நூறு வயது வாழ்ந்து 2022-இல் மறைந்தார். கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடிய எட்சாக்கில், ஒற்றை எழுத்தில் கட்டளை எழுதினால் இயந்திரமே எண்ணாக்கிக்கொள்கிற ஏற்பாட்டைச் செய்தவர் டேவிட் வீலர். அதுவரை மனிதர்கள் தாளில் செய்துகொண்டிருந்த வேலை அது. உங்கள் 8085 லேபில் இன்னும் தாளில்தான் செய்கிறார்கள் என்பது தனிக் கதை.

கேள்வி: நான் செக்யூரிட்டி பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். வலைத்தளங்களைச் சோதிக்கிற வேலைதான். அதற்கும் அசெம்பிளி வேண்டுமா?

பதில்: வலைத்தளத்தோடு நிற்பதென்றால் அவசியம் இல்லை. வைரஸைப் பிரித்துப் பார்க்கிற பக்கம் போனால் வேறு மொழியே கிடையாது. எந்தத் திருடனும் சோர்ஸ் கோடைக் கூடவே அனுப்புவதில்லை. அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-இல் 'கீட்ரா' என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது. அது அசெம்பிளியை ஓரளவு சி மாதிரி மாற்றித் தரும். ஆனால் சந்தேகம் வரும் இடத்தில் இடப்பக்கம் இருக்கிற அசெம்பிளியைத்தான் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்குகிற 'எக்ஸ்இசட்' லைப்ரரியில் பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் நுழைகிற முறை) லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஒருவர் நோண்டிப் பார்த்ததில் மாட்டியது. சோதனைக் கோப்பு மாதிரி வேஷம் போட்டு உள்ளே இருந்தது கம்பைல் செய்த பைனரி. அது என்ன செய்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது டிஸ்அசெம்பிளியைப் படித்துத்தான்.

கிரிப்டோ (ரகசியக் குறியாக்கம், நாணயம் இல்லை) எழுதுகிறவர்களின் கதை இன்னும் சுவாரசியம். ரகசியச் சாவியைத் தொடும் கோடு, சாவி எதுவாக இருந்தாலும் ஒரே நேரம் எடுக்க வேண்டும். ஒரு பிட் ஒன்றாக இருந்தால் ஒரு நானோ செகண்டு கூடுதல் என்று ஆனால்கூட, அளந்து அளந்து சாவியைத் திருடிவிடுவார்கள். அதனால் 'இஃப்' போடாமல், பிட்டை மாஸ்க்காக மாற்றி, சுற்றி வளைத்து எழுதுவார்கள். கம்பைலர் என்ன செய்யும்? 'இவ்வளவு சுற்றி வளைத்தது ஏன், இது ஒரு இஃப்தானே' என்று கண்டுபிடித்து, அக்கறையாக அதை இஃப் ஆக்கிக் கொடுத்துவிடும்! 2024-இல் கைபர் என்ற புதிய குறியாக்க முறையின் மாதிரிக் கோடில் கிளாங் கம்பைலர் இதையேதான் செய்தது. சி கோடில் தேடினால் தப்பே கிடையாது. அசெம்பிளியில் மட்டும் ஒரு குதிப்புக் கட்டளை உட்கார்ந்திருந்தது.

கேள்வி: இனி ஏஐ-யே அசெம்பிளி எழுதிவிடும். பிறகு இதெல்லாம் எதற்கு?

பதில்: எழுதுகிறது, பார்த்தேன். கமென்ட் எல்லாம் போட்டு அழகாக எழுதுகிறது. அது எழுதிய 24 வரியில் எந்த வரி ஃப்ளாகைத் தொடாது என்று சரிபார்க்கப்போவது யார் என்பதுதான் என் கவலை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீன ஏஐ நிறுவனமான டீப்சீக் தன் வி3 மாடலைப் பற்றி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஜிபியு-க்களுக்கு இடையே தகவல் போகிற பகுதியை என்விடியாவின் பிடிஎக்ஸ் கட்டளைகளில் இறங்கி எழுதியதாகச் சொல்லியிருக்கிறது. பிடிஎக்ஸ் என்பது ஜிபியுவின் அசெம்பிளிக்கு ஒரு படி மேலே இருப்பது. ஏஐ-யை ஓட்டுகிறவர்களே கீழே இறங்கித்தான் வேலை பார்க்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் பழைய எடை போடும் இயந்திரம். உள்ளே 8051 சிப். செய்த கம்பெனி இப்போது இல்லை, சோர்ஸ் கோடும் இல்லை. ஹெக்ஸ் கோப்பு மட்டும் கையில் இருக்கிறது. சீரியல் போர்ட்டில் அது என்ன அனுப்புகிறது என்று தெரிந்தால் கணினியோடு இணைத்துவிடலாம். எங்கே தொடங்குவது?

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான், நல்ல வேளையாகக் கடைசியில் வந்தது. ஹெக்ஸ் கோப்பு (சிப்புக்குள் ஏற்றிய எண்கள் அடங்கிய கோப்பு) கையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பல சிப்களில் லாக் பிட் போட்டுப் பூட்டியிருப்பார்கள்.

முதலில் போர்டில் இருக்கிற, சிப்புக்குக் கிளாக் தருகிற கிரிஸ்டலைப் பாருங்கள். 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள். சீரியல் வேகம் துல்லியமாக வரவேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கிற எண் அது. டிஸ்அசெம்பிளரில் கோப்பைக் கொடுத்ததும் முகவரி 0000-ஐப் பாருங்கள் (இங்கே நான் சொல்கிற முகவரியும் பைட்டும் ஹெக்ஸ் எண்கள்). அங்கே பெரும்பாலும் 02 இருக்கும், தொலைதூரத்துக்குக் குதி என்று அர்த்தம். பின்னால் வரும் இரண்டு பைட் காட்டுகிற இடத்தில்தான் புரோகிராம் தொடங்குகிறது. 0023-இலும் ஒரு 02 இருந்தால் சீரியல் வேலை இன்டரப்ட்டில் நடக்கிறது, அந்தக் குதிப்பைப் பின்தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை. நடுவில் அர்த்தமில்லாத கட்டளைகள் வரிசையாக வந்தால் அது கோடு இல்லை, டேபிள். டிஸ்ப்ளேக்கான எழுத்து வடிவமோ, அனுப்புகிற வாசகமோ ஆக இருக்கும். 90 என்ற பைட் ஒரு முகவரியை டிபிடிஆர் என்ற ரெஜிஸ்டரில் ஏற்றும், கொஞ்சம் தள்ளி 93 வந்து அங்கிருந்து ஒரு பைட்டை எடுக்கும். இந்த ஜோடியைப் பார்த்தால் 90-க்குப் பின்னால் இருக்கிற முகவரியைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தைக் கோடு இல்லை என்று டிஸ்அசெம்பிளரிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அது பாட்டுக்கு உளறிக்கொண்டே போகும்.

பிறகு 75 98 50 என்ற மூன்று பைட்டை அடுத்தடுத்துத் தேடுங்கள். சீரியல் போர்ட்டை எட்டு பிட்டுக்கு அமைத்து, வாங்கவும் தயாராக வைக்கிற வரி. ஏறக்குறைய எல்லாரும் இதையேதான் எழுதினோம், நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே 'டைமர் 1'-இல் ஒரு எண்ணை ஏற்றியிருப்பார்கள். அது 253 (சாதாரணத் தசம எண், ஹெக்ஸில் FD) என்றால், 11.0592 கிரிஸ்டலுக்குப் பொதுவாக 9600 பாட், அதாவது விநாடிக்கு 9600 பிட். 250 (ஹெக்ஸில் FA) என்றால் 4800. வேகம் கிடைத்த பிறகு, 99 என்ற முகவரியில் எழுதுகிற வரிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். சீரியல் பஃபர் அதுதான், வெளியே போகிற ஒவ்வொரு பைட்டும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே போவதற்கு முன் 48-ஐ (ஹெக்ஸில் 30) கூட்டியிருந்தால் எடை சாதாரண எண்ணெழுத்தாக வருகிறது. கூட்டவில்லையென்றால் அந்த இடத்தைச் சுற்றியிருக்கிற இருபது வரியை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.